ஜப்பான் மொழி பேசும் கார், தமிழ் பேசும் கைப்பேசி

ஹட்டன் – கொழும்பு பிரதான வீதியில் றொசல்ல, வட்டவளைப் பக்கம் காலையில் புறப்படும் கார்கள், வான்கள் பலவும் சாவியைத் திருப்பியதுமே பெண் குரலில் ஜப்பான் மொழியில் எதையோ சொல்கின்றன. வருடக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டுவரும் சாரதிகளிலும் அதன் பொருள் அறிந்தவர்கள் குறைவு. "ஈ.டி.சி. அட்டை செருகப்படவில்லை" என்பதுதான் அந்தச் செய்தி. ஜப்பானின் அதிவேக நெடுஞ்சாலைகளில் வாகனத்தை நிறுத்தாமலே கட்டணம் அறவிடும் முறை அது; 2001 இல் அங்கே தொடங்கியது. இங்கே அந்த அட்டையும் இல்லை, அது தேவைப்படும் வாயிலும் இல்லை. ஆனாலும் கருவி தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கைப்பேசியைக் காருடன் இணைக்க முயலும்போது எம்மவர் படும் பாட்டில் பெரும்பகுதி இந்தக் குரலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வேறொரு நாட்டுக்காக, வேறொரு மொழிக்காகச் செய்த பெட்டியை மலையக வீதியில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அது வேலை செய்யாதபோது, "எனக்கு இதெல்லாம் விளங்காது" என்று பலர் தம்மையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் கோளாறு நான்கைந்து இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். எங்கே என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். எங்கே என்று தெரியாமல் விட்டால் பணத்தைவிடப் பெரிய ஒன்றும் கைநழுவும். அதைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் பார்ப்போம்.

டெஷ்போர்டில் இருக்கும் திரையுள்ள ஓடியோ கருவியை, எல்லோரும் சொல்வது போல, இங்கே "செட்" என்றே குறிப்பிடுகிறோம்.

செட் ஏன் முரண்டு பிடிக்கிறது?

இலங்கைக்குப் பாவித்த நிலையில் வந்த டொயோட்டா, சுசுகி, நிசான், ஹொண்டா கார்களில் பெரும்பாலானவை ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் செட்களில் பலவற்றில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றும் வசதியே கிடையாது. மறைந்திருக்கும் ஏதோ ஒரு பட்டனைத் தேடி மணித்தியாலக் கணக்கில் மெனக்கெட வேண்டியதில்லை. அங்கே அப்படி ஒன்று இல்லை.

உள்ளே இருக்கும் வரைபடமும் ஜப்பானுடையது. டொயோட்டா செட்கள் பலவற்றில் அந்த வரைபடம் ஒரு எஸ்.டி. அட்டையில் இருக்கும். செட் இயங்குவதற்குத் தேவையான மென்பொருளின் பகுதியும் சிலவற்றில் அதே அட்டையில்தான் இருக்கிறது. "ஜப்பான் மெப் எங்களுக்கு எதற்கு?" என்று அட்டையை உருவி, பாட்டுகளைப் பதிந்து திரும்பச் செருகினால், செட் மொத்தமாக முடங்கிப்போகலாம். பாவித்த கார் வாங்குபவர் அந்த அட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அதைத் தொடாமல் விட வேண்டும்.

அடுத்தது பற்றரி. பற்றரியைக் கழற்றி மாற்றியதும் சில செட்கள் கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொள்கின்றன. திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. கடவுச்சொல்லை வைத்தவர் ஜப்பானில் இருக்கும் பழைய உரிமையாளர். அதைத் திறக்க இங்கே பணம் வாங்கிக்கொண்டு குறியீடு எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலை வராமல் தடுப்பது எளிது. பற்றரி மாற்றும்போது இன்னொரு 12 வோல்ட் மின்மூலத்தை இணைத்து, மின்சாரம் ஒரு நொடியும் துண்டிக்கப்படாமல் மாற்றித் தரும்படி வாகன இலெக்ட்ரிஷியனிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.

திரையில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கவும் வழி உண்டு. கூகுள் ட்ரான்ஸ்லேட் செயலியில் கெமராவைத் திறந்து, ஜப்பான் மொழியிலிருந்து தமிழ் அல்லது ஆங்கிலம் என்று தெரிவுசெய்து திரைக்கு நேரே பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும். வாசகம் சில இடங்களில் வேடிக்கையாக இருந்தாலும், எது "இணை", எது "அழி" என்பதை அறிய அது போதும்.

வானொலி: சின்னக் குறை, பெரிய இழப்பு

ஜப்பானில் எப்.எம். வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் இயங்கிவந்தது. பிற்காலத்தில் 95 வரை நீட்டப்பட்டது. இலங்கையில் அது 87.5 முதல் 108 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் மிகக் குறுகியது. 100 க்கு மேல் ஒலிக்கும் தமிழ் வானொலி எதுவும் ஜப்பான் செட்டில் நேரடியாகக் கேட்காது.

பாட்டுக் கேட்க முடியாதது மட்டுமல்ல இதிலுள்ள பிரச்சினை. வட்டவளையும் அதன் அயலும் இந்த நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் அடங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். மழை இரவில் வீதியில் இருக்கும் சாரதிக்கு அந்தச் செய்தி தமிழில் வந்து சேரும் வழிகளில் வானொலியும் ஒன்று. கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத வளைவில் அது ஒன்றே வழியாகவும் இருக்கலாம்.

இதற்குத் தீர்வு அன்ரெனா வயரில் பொருத்தும் அலைவரிசை மாற்றி என்ற சிறு கருவி. அது வரும் அலைவரிசையைக் குறிப்பிட்ட அளவு இறக்கித் தரும். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் கருவியென்றால், 104 இல் ஒலிக்கும் நிலையம் செட்டில் 84 இல் கேட்கும். எவ்வளவு இறக்குகிறது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்கும் நிலையத்தின் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் 76 க்கும் 90 க்கும் இடையில் வர வேண்டும்.

அன்ட்ரொய்ட் ஒட்டோ ஏன் எங்கள் காரில் இல்லை?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் காரில் கேபிளைச் செருகியதும் கூகுள் மெப் பெரிய திரையில் விரிகிறது. அதே கேபிளை இங்கே செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. இதற்குக் காரணம் திகதிகளில் இருக்கிறது.

அப்பிள் நிறுவனத்தின் கார்பிளே, கூகுளின் அன்ட்ரொய்ட் ஒட்டோ ஆகிய இரண்டும் 2014 இல் அறிவிக்கப்பட்டன. ஜப்பான் நிறுவனங்கள் தமது உள்நாட்டுக் கார்களில் அவற்றைச் சேர்க்கத் தாமதித்தன. டொயோட்டா ஜப்பானில் விற்ற கார்களின் திரைகளில் இவை மேலதிகக் கட்டணமின்றிக் கிடைக்கத் தொடங்கியது 2020 நடுப்பகுதியில். இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது 2020 மார்ச்சில். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். அந்த வசதி பரவத் தொடங்கிய நேரத்தில் இங்கே கதவு மூடப்பட்டு, ஐந்து வருடங்கள் மூடியே இருந்தது. இன்று எம் வீதிகளில் ஓடும் கார்களில் மிகப் பல அந்தக் கதவு மூடுவதற்கு முன் வந்தவை.

ஆகவே உங்கள் செட்டில் அந்த வசதி இல்லையென்றால் எந்தக் கேபிளும் அதைக் கொண்டுவராது. கம்பியில்லா அன்ட்ரொய்ட் ஒட்டோ தரும் என்று விற்கப்படும் சிறு டொங்கிள்களும் ஏற்கெனவே கேபிள் மூலம் அன்ட்ரொய்ட் ஒட்டோ இயங்கும் செட்டில் மட்டுமே வேலை செய்யும். அது இல்லாத காருக்கு வாங்கினால் காசு வீண்.

கைப்பேசிப் பக்கமும் ஒரு தடை இருக்கலாம். 2019 இல் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடைக்குப் பின்னர் வெளிவந்த ஹுவாவி கைப்பேசிகளில் கூகுள் சேவைகள் கிடையாது. அவற்றில் அன்ட்ரொய்ட் ஒட்டோவை எதிர்பார்க்க முடியாது.

இரண்டும் ஒன்றல்ல

ஜப்பான் செட்டைக் கழற்றிவிட்டு, கடைகளில் கிடைக்கும் சீனத் தயாரிப்பு "அன்ட்ரொய்ட் செட்" பூட்டுபவர்கள் பலர். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. அன்ட்ரொய்ட் செட் என்பது காருக்குள் பொருத்திய ஒரு டெப்லெட் போன்றது. தன் செயலிகளைத் தானே இயக்கும். அதற்கு இணையம் வேண்டும். கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டைத் திறந்துவிட வேண்டும். அன்ட்ரொய்ட் ஒட்டோ என்பது கைப்பேசியில் இயங்குவதைச் செட்டின் திரையில் காட்டும் முறை. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்றில்லை.

வாங்க முன்னர் மூன்றைக் கேளுங்கள். ரெம் எவ்வளவு? 1 ஜி.பி. மட்டும் இருந்தால் மெப்பும் பாட்டும் சேர்ந்து ஓடும்போது செட் திணறும். அன்ட்ரொய்ட் ஒட்டோ, கார்பிளே இரண்டும் வேலை செய்கின்றனவா? உங்கள் கைப்பேசியையே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டன்களும் பின்புறக் கெமராவும் புதிய செட்டுடன் இயங்குமா? கடையை விட்டு வெளிக்கிட முன்னர் அதையும் சோதித்துவிடுங்கள்.

புளூடூத்: எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை?

புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவன் என்பதால் அவன் பெயரை வைத்தார்கள். காரில் அது சில வேளை எதிர்மாறாக நடந்துகொள்வதற்குக் காரணம், புளூடூத் ஒரே பாதையாக இல்லாமல் பல பாதைகளாக இருப்பது. அழைப்புக்கு ஒரு பாதை, பாட்டுக்கு இன்னொரு பாதை, பெயர்ப் பட்டியலுக்கு வேறொரு பாதை. அறிகுறியைப் பார்த்தால் இடம் தெரியும்.

அழைப்பு கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை என்றால், முதலில் கைப்பேசியின் புளூடூத் அமைப்பில் அந்தக் காரின் பெயரைத் தட்டி "மீடியா ஓடியோ" திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தும் கேட்கவில்லையென்றால், செட்டில் பாட்டுக்கான பாதையே இல்லாமல் இருக்கலாம். பழைய செட்கள் சில அழைப்புக்கு மட்டும் செய்யப்பட்டவை.

நேற்று இணைந்தது, இன்று இணையவில்லை என்றால், ஒரு பக்கத்தில் மட்டும் அழித்துவிட்டு மீண்டும் முயல்வது பயன் தராது. கைப்பேசியில் காரின் பெயரையும், செட்டில் கைப்பேசியின் பெயரையும் இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். குறியீடு கேட்டால் பழைய செட்களில் பெரும்பாலும் 0000 அல்லது 1234. ஒரு செட் நினைவில் வைக்கும் கைப்பேசிகளுக்கு எல்லை உண்டு. அது நிரம்பினாலும் புதியதை ஏற்காது.

சற்று நேரத்தில் தானாகத் துண்டிக்கிறது என்றால், கைப்பேசியின் பற்றரி சேமிப்பு வசதியைச் சந்தேகியுங்கள். திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலிகளை அது நிறுத்திவிடும்.

சாதாரண அழைப்பு காரில் கேட்கிறது, வட்ஸ்அப் அழைப்பு மட்டும் கைப்பேசியிலேயே ஒலிக்கிறது என்றால் செட் பழுதென்று எண்ண வேண்டாம். சில பழைய செட்கள் இணைய அழைப்பைத் தொலைபேசி அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அழைப்பு வந்ததும் கைப்பேசித் திரையில் ஓடியோவைப் புளூடூத்துக்கு மாற்றினால் சில வேளை சரிவரும். ஆனால் அதை ஓடும்போது செய்யக்கூடாது. கையில் கைப்பேசியைப் பிடித்தபடி ஓட்டுவது சட்டப்படி குற்றம். மலையக வளைவுகளில் அது உயிர் விடயம்.

தமிழில் சேமித்த பெயர்கள் செட்டில் வெறும் கட்டங்களாகத் தெரிவதும் பொதுவான முறைப்பாடு. அந்தச் செட்டுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே காரணம். உங்கள் கைப்பேசியில் கோளாறு இல்லை. அடிக்கடி அழைப்பவர்கள் சிலரின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சேமித்துவைப்பது இப்போதைக்கு உள்ள வழி.

கேபிளும் குறைந்த செலவு வழியும்

கேபிள் மூலம் இணையவில்லையென்றால் செட்டைக் கழற்ற முன்னர் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவான கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டும் இருக்கும். தகவல் செல்லும் கம்பிகள் இருக்காது. சார்ஜ் ஏறும், வேறொன்றும் நடக்காது. அதே கேபிளால் கைப்பேசியைக் கணினியில் இணைத்துப் படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

திரையில்லாத பழைய வான்களுக்குச் சிகரட் லைட்டர் துளையில் செருகும் எப்.எம். ட்ரான்ஸ்மிட்டர் போதும். அது புளூடூத் மூலம் கைப்பேசியிலிருந்து பாட்டை எடுத்து வானொலி அலையாக அனுப்பும். ஜப்பான் வானொலி உள்ள வாகனமென்றால் அதை 87.5 க்கும் 90 க்கும் இடையில் வைக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் வானொலிக்கு எட்டாது. ஹட்டனில் வெறுமையாக இருக்கும் இடத்தில் கினிகத்தேனைக்கு இறங்கும்போது ஏதாவது நிலையம் குறுக்கிடலாம். இரண்டு இடங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வரைபடம் தெரியும், வீதி தெரியாது

வாகனம் எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசி அறிவது செய்மதிகள் மூலம்; அதற்கு இணையம் தேவையில்லை. இணையம் தேவைப்படுவது வரைபடப் படத்துக்கு. எனவே சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பகுதியை கூகுள் மெப்பில் முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். வழிகாட்டும் குரலையும் தமிழுக்கு மாற்றலாம்.

ஆனால் தரவிறக்கிய வரைபடத்துக்கு நேற்றைய மண்சரிவு தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல வீதிகள் தடைப்பட்டன. அப்படியான நாட்களில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும், எதிரே வரும் சாரதியின் வார்த்தையும் மெப்பைவிட நம்பகமானவை. தோட்டப் பாதைகளையும் மெப் சாதாரண வீதியாகக் காட்டுவதுண்டு. கொழுந்து லொறி போகும் பாதையில் தாழ்ந்த கார் போகுமா என்று அந்தத் தோட்டத்தவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நீங்கள் இறங்கிய பின்னும் காரில் இருப்பது

இணைப்பு வேலை செய்யாதபோது எல்லோரும் கவனிக்கிறோம். வேலை செய்யும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

முதல் தடவை இணைக்கும்போது, "தொடர்புகளையும் அழைப்பு விபரங்களையும் பகிரவா?" என்று கைப்பேசி கேட்கும். அவசரத்தில் "ஆம்" என்று தட்டிவிடுகிறோம். பல செட்கள் அந்தப் பட்டியலைத் தம்முள் பிரதி எடுத்து வைத்துக்கொள்கின்றன. அழைத்தவர், அழைக்கப்பட்டவர், நேரம், போன இடம், "வீடு" என்று குறித்த இடம் எல்லாம் அதில் சேரலாம். ஹயர் வான், வாடகைக் கார், நண்பரின் கார், விற்றுவிட்ட கார் என்று எதில் இணைத்தாலும் இதே நிலைதான்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2016 லேயே வாடகைக் கார்களில் கைப்பேசி இணைப்பவர்களை இதுபற்றி எச்சரித்தது. கார்களின் செட்களிலிருந்து அழைப்புப் பட்டியல்களையும் பயண விபரங்களையும் எடுத்துத் தரும் கருவிகள் புலனாய்வுத் துறைகளுக்கு விற்கப்படுகின்றன. 2023 இல் மொஸில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களின் அந்தரங்கப் பாதுகாப்பை ஆராய்ந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை.

எம்மவர் பலருக்குக் கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியல் குடும்பத்தின் வரலாறு போன்றது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன உறவு, 1964 ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட கிளை, யுத்தத்தில் சிதறி இன்று கனடாவிலும் பிரான்ஸிலும் இருப்பவர்கள், காணாமல் போனவரைத் தேடும் தாய் அழைக்கும் சட்டத்தரணி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். யார் யாருடன் பேசுகிறார் என்ற விபரத்துக்கே விலை கொடுத்த சமூகம் இது. அந்தப் பட்டியலை முன்பின் தெரியாத வாகனத்தில் விட்டுவிட்டு இறங்குவது அலட்சியமாக எடுக்கக்கூடிய விடயமல்ல. பட்டியல் உங்களுடையதாக இருந்தாலும், அதிலுள்ளவர்களின் பாதுகாப்பு அவர்களுடையது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை.

உங்களுடையது அல்லாத வாகனத்தில் தொடர்புகளைப் பகிர மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பாட்டும் அழைப்பும் வேலை செய்யும். ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், அன்ட்ரொய்ட் கைப்பேசியில் புளூடூத் அமைப்பில் காரின் பெயரைத் தட்டி தொடர்புப் பகிர்வை நிறுத்தலாம். ஐபோனிலும் காரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள தகவல் குறியைத் தட்டினால் அதே தெரிவு இருக்கும். ஆனால் ஏற்கெனவே செட்டில் பிரதியானது இதனால் அழியாது.

சார்ஜ் மட்டும் தேவையென்றால் காரின் யூ.எஸ்.பி. துளையைத் தவிர்த்து, சிகரட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜரைப் பாவியுங்கள்.

இறங்கும்போது கைப்பேசியில் காரின் பெயரை அழிப்பதோடு நிற்காமல், செட்டிலும் உங்கள் கைப்பேசியின் பெயரை அழியுங்கள்.

காரை விற்கும்போது, அல்லது செட்டைக் கழற்றிக் கடையில் மாற்றும்போது, முழுவதையும் ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்துவிட்டுக் கொடுங்கள். ஜப்பான் மொழி செட்டில் அந்தத் தெரிவைக் கண்டுபிடிக்க மொழிபெயர்ப்புக் கெமரா உதவும். கழற்றிய பழைய செட் இன்னொருவர் காருக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

ஹயர் ஓட்டும் சாரதிகளும் வாரத்துக்கு ஒரு தடவை செட்டின் பட்டியலைத் திறந்து, பயணிகளின் கைப்பேசிப் பெயர்களை நீக்கிவிடலாம். பட்டியல் நிரம்பிப் புதிய கைப்பேசி இணையாமல் போகும் தொல்லையும் அதோடு தீரும். இரவு இரண்டு மணிக்குத் தோட்டத்திலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போக அழைப்பு வரும்போது, அந்த அழைப்பு முதல் மணியிலேயே காரில் கேட்க வேண்டியது அவருடைய தொழிலுக்கும் தேவை, அழைப்பவரின் உயிருக்கும் தேவை.